காற்றுப் புகாத கண்ணாடி வீடு

சுலோசனாவுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இத்தனை வருஷத்தில் அவள் ஓயாமல் செய்த வேலை எது என்று கேட்டால், சமையல் இல்லை, மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்ததும் இல்லை. புருஷனுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்ததுதான். திருவேங்கடத்துக்கு இளைப்பு. பனி கொட்டினால் வரும், புகை பட்டால் வரும், நெல் தூசி பறந்தால் வரும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, கூடத்திலிருந்து வரும் அந்தச் சத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவாள். மிளகாய் வறுக்க வேண்டியிருந்தால் அவர் ஆபீசுக்குப் போன பிறகுதான் வறுப்பாள். திருப்பதி மலைக்கு நடந்தே வருகிறேன் என்று மூன்று முறை வேண்டிக்கொண்டாள். மூன்று முறையும் நடந்தே போய்விட்டும் வந்தாள். இந்த மனுஷன் ஒரு நாள் மூச்சு முட்டிப் போய்விடுவார் என்கிற ஒரே பயம்தான் அவளுக்கு. அப்படிப்பட்டவளுக்கு இது நடந்திருக்கவே வேண்டாம்.

திருவேங்கடம் புத்தூர் தாலுக்கா ஆபீசில் குமாஸ்தா. நகரியிலிருந்து காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் திரும்புவார். சாதுவான ஆள். ஆந்திரா தனி மாநிலமாகி, ஆபீசில் கோப்பெல்லாம் தெலுங்குக்கு மாறிக்கொண்டிருந்தபோது மற்றவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். இவர் ரோஜாவுக்கு எலும்புத்தூள் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நகரி மெட்ராசோடு சேருமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று தெருவே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட நாட்களில், யார் எந்தக் கட்சி என்றுகூட அவருக்கு நினைவில் நின்றதில்லை. செடி என்று வந்துவிட்டால் மட்டும் பிடிவாதம். பெங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், லால்பாக் மலர்க் காட்சியைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது. அந்தக் கண்ணாடி மாளிகையைப் பற்றிச் சொல்லும்போது கல்யாணப் பெண்ணின் பெயரே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பிறகு பார்சல் பார்சலாகச் செடிகள் வந்தன. பெகோனியா, ஆந்தூரியம், இலையெல்லாம் வெல்வெட்டு மாதிரி இருக்கும் என்னென்னவோ. நகரி வெயிலுக்கும் மார்கழிப் பனிக்கும் அதில் ஒன்றும் தாங்காது. அதனால் தொட்டிகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் ஏறின. முதலில் கூடத்துக்கு, பிறகு படுக்கிற அறைக்கு. சுவர் ஈரம் கோத்து, கட்டில் காலடியில் பூஞ்சணம் பூத்தது. இளைப்பும் கூடியது. ரேணிகுண்டாவிலிருந்து வந்த டாக்டர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தச் செடிங்க வீட்டுல இருக்கட்டும், இல்லேன்னா நீங்க இருங்க. ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது."

திருவேங்கடம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சுலோசனாதான் சொன்னாள்.

"செடிங்களைத் தூக்கிப் போட வேணாம். பின்னால தோட்டத்துல அதுங்களுக்குன்னு ஒரு வீடு கட்டிக்கலாம். நீங்க சொல்லிக்கினே இருப்பீங்களே, கண்ணாடி வீடு. அதையே வாங்குங்க."

அவள் செடிக்காகச் சொல்லவில்லை. செடி படுக்கையறையை விட்டு ஒழிந்தால் போதும் என்று சொன்னாள். அவருக்கோ அவளைக் கும்பிடலாமா என்றிருந்தது.

மெட்ராசிலிருந்து கங்கையா என்று ஒரு ஏஜெண்டு வந்தான். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பான். படப் புத்தகத்தை விரித்து இரண்டு விதமான வீட்டைக் காட்டினான். சுலோசனா படத்தை நம்புகிறவள் இல்லை. பித்தளைக் குடம் வாங்கினாலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்துத்தான் வாங்குவாள். "இதைப் பொருளாப் பாக்கணும்" என்றாள். சித்தூரில் ஒரு வக்கீல் பங்களாத் தோட்டத்தில் இரண்டு வகையும் நிற்கின்றன என்று கங்கையா சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் ஏறிப் போனார்கள்.

முதல் வீடு மரச்சட்டம். மேலே கண்ணாடிக் கூரை. பக்கவாட்டில் இடுப்புயரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய ரீப்பர்க் கட்டைகள் அடித்த பின்னல். உள்ளே நின்றால் வெளியே காக்கை கத்துவது கேட்கும், வேப்பமரத்துக் காற்று முகத்தில் படும். திருவேங்கடத்துக்கு அதுதான் பிடித்தது. பின்னலில் கை வைத்துப் பார்த்தார்.

"இது போதும் சுலோசனா. செடிக்கும் கொஞ்சம் காத்து வேணும்."

இரண்டாவது வீடு முழுக்க இரும்பு. தரையிலிருந்து கூரை வரை நாலு பக்கமும் கண்ணாடி. கண்ணாடி இரும்பில் உட்காரும் இடமெல்லாம் மக்குப் பசை வைத்து அடைத்து, கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார்கள். கூரையில் மட்டும் ஒரு சின்னப் பலகணி. கயிற்றை இழுத்தால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும்.

"சீம கூட தூரதம்மா" என்றான் கங்கையா. "எறும்புகூட நுழையாது. மஞ்சி இனுமு, நல்ல இரும்பு. உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்."

சுலோசனா அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். முதலில் மரவீட்டுக்குள் போய் ஒரு குச்சியைக் கிழித்துப் பின்னல் பக்கம் பிடித்தாள். சுடர் இரண்டு ஆட்டம் ஆடி அணைந்தது. பிறகு இரும்பு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, இன்னொரு குச்சியைக் கிழித்துக் கதவிடுக்கில் மேலிருந்து கீழாகக் கொண்டுவந்தாள். சுடர் ஆடவில்லை. படத்தில் வரைந்த மாதிரி நின்று எரிந்தது. விரலைச் சுடும் வரைக்கும் பிடித்திருந்தாள்.

"இதுதான்" என்றாள் வெளியே வந்து.

"அது வெலை சாஸ்திடி. அதுவுமில்லாம..."

"வெலை கெடக்குது. நீங்க விடிகாலையில எழுந்து செடிகிட்ட போய் உக்காருவீங்க. எனக்குத் தெரியாதா? அந்தப் பின்னல் வழியா மார்கழிப் பனி நேரா நெஞ்சுல எறங்கும். செடிக்கு வாங்குறது ஒரு பக்கம் கெடக்கட்டும், உங்களுக்கு ஒரு இடுக்கும் இல்லாத வீடா இருக்கணும்."

அவர் மரவீட்டைத் திரும்பி ஒரு தடவை பார்த்தார். ஒத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷமாகத் தன் மூச்சு விஷயத்தில் அவள் சொன்னதற்கு எதிராக அவர் நடந்ததில்லை.

கங்கையாவை ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆர்டர் எழுதிக்கொண்டு கிளம்பும்போது, "மேல இருக்கிற பலகணியைத் தினம் ஒருதரம் திறந்து விடுங்கம்மா, மறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவள் தலையாட்டினாள். சித்திரை வெயிலுக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் வீடு வந்தது. நாலு காலையும் குழி தோண்டி சிமெண்டு போட்டுப் புதைத்தார்கள். பத்தடிக்கு எட்டடி. மாலை வெயில் பட்டால் பக்கத்துத் தெரு வரைக்கும் பளபளக்கும். வேடிக்கை பார்க்க வராத ஆளில்லை. வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பயமுறுத்தினார்கள். பக்கத்து வீட்டுக் கமலம்மா இடுப்பில் கை வைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சித்திரையில பாரு, உள்ள இருக்கிறதெல்லாம் வெந்து கீரைக் கடையலாப் பூடும்" என்றாள். திருத்தணியிலிருந்து வந்த சுலோசனாவின் அண்ணன் ஆதிநாராயணனுக்கு வேறு கவலை.

"வர்ற ஏப்ரல்ல திருத்தணி மெட்ராசோட சேருது. இந்த ஊரு இங்கேயே நின்னுபோச்சு. நாளைக்கு மாப்பிள்ளையைக் கர்னூலுக்கோ கடப்பாவுக்கோ மாத்தினா இன்னா பண்ணுவீங்க? எல்லாரும் வித்துட்டுக் கெளம்பற நேரத்துல நீங்க இரும்பைப் புதைச்சு வச்சிருக்கீங்களே."

"செடி வச்ச எடத்தை விட்டு நான் எங்க வரது மச்சான்?" என்று சிரித்தார் திருவேங்கடம்.

ஆக, ஊர் வெயிலுக்குப் பயந்தது, அண்ணன் எல்லைக்குப் பயந்தார், சுலோசனா பனிக்குப் பயந்தாள். பயப்பட வேண்டிய பக்கம் மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கார்த்திகை நன்றாகவே போனது. தொட்டிகள் வெளியேறியதும் படுக்கையறை காய்ந்தது. அவர் இருமாமல் தூங்கினார். சுலோசனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் தீக்குச்சிக் கதையைச் சொன்னாள்.

மார்கழி பிறந்ததும் நகரி மலையிலிருந்து பனி இறங்கியது. ஒரு பெகோனியாவின் இலை ஓரம் கருகிப்போயிருந்ததைக் கண்டதும் அவருக்கு உயிரே போய்விட்டது. வெள்ளைக்காரர்கள் கண்ணாடி வீட்டுக்குள் அடுப்பு வைத்துச் சூடேற்றுவார்களாம், அவரிடமிருந்த தோட்டப் புத்தகத்தில் போட்டிருந்தது. அந்த அடுப்புக்கு வெளியே போகிற குழாய் ஒன்று உண்டு என்பதையும் போட்டிருந்தார்களா, இவர்தான் படிக்காமல் விட்டாரா, தெரியாது.

"உள்ள நெருப்பு வச்சா புகை வருமே" என்றாள் சுலோசனா. அதற்கு வழியும் அவளே கண்டுபிடித்தாள். அவள் பிள்ளை பெற்றபோது பத்து நாளும் கட்டிலுக்கடியில் கணப்புச் சட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கரியை வெளியே பற்றவைத்து, விசிறி, புகையெல்லாம் அடங்கிச் செக்கச் செவேலென்று கங்கானதும் சட்டியில் அள்ளி உள்ளே கொண்டுபோவார்கள். பச்சைப் பிள்ளைக்கே ஒன்றும் ஆகாது. ஆகாதுதான், அந்த வீடுகளுக்கு மேலே நாட்டு ஓடு வேய்ந்திருக்கும், ஓட்டுக்கு ஓடு இடுக்கில் வானம் தெரியும். இது அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றியிருக்கும்? புகைதான் கெடுதல், புகை இல்லாத கங்கு சுத்தம் என்பது அவள் தாயும் தாயின் தாயும் நம்பியது.

தினமும் விடிகாலை அவளே கரி பற்றவைத்தாள். புருஷன் நெஞ்சுக்கு ஆகாது என்று, ஒரு இழைப் புகைகூட மிச்சமில்லாமல் போகும் வரைக்கும் குந்தி உட்கார்ந்து விசிறுவாள். முகத்தைச் சட்டிக்கு மேலே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். பிறகுதான் உள்ளே கொண்டுபோய் வைப்பாள். அவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்து, இலை ஒவ்வொன்றாகத் துடைப்பார். ரயிலுக்கு நேரமாகிறது என்று அவள் கூப்பிடும் வரைக்கும் அங்கேதான்.

நாலாம் நாள் தலைவலி என்றார்.

"பனி தலையில எறங்கிடுச்சு. எங்கேயோ இடுக்கு கீது" என்றாள். ஈர மாவைப் பிசைந்து, கதவுக்கடியில் தெரிந்த ஒரு மயிரிழை இடைவெளியை அடைத்தாள். மறுநாள் வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றார். கூரைப் பலகணி வழியாகத்தான் வாடை வருகிறது என்று முடிவு கட்டி, அது கொஞ்சமும் திறக்காதபடி அதன் கயிற்றாலேயே சட்டத்தோடு சேர்த்துக் கட்டினாள்.

"ஆபீசுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சரியாப் பூடுது சுலோசனா. ரயில்ல ஜன்னலாண்ட உக்காந்தா தெளிவாயிடுது."

"வெயில் ஏறினா பனி விட்டுடும் இல்ல? அதான்."

அவள் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருந்தது. அதுதான் கொடுமை. ஒவ்வொரு தலைவலிக்கும் ஒவ்வொரு இடுக்காக அடைத்துக்கொண்டே போனாள். ஒரு நாள் பெருக்கும்போது தொட்டிக்குப் பின்னால் இரண்டு பல்லி செத்துக் கிடந்தன. அடிபட்ட காயமோ எறும்பு மொய்த்த அடையாளமோ இல்லை. முறத்தில் அள்ளி வெளியே போட்டாள். கொஞ்ச நேரம் அவள் மனசு என்னவோ போல இருந்தது. பிறகு பல்லிக்கும் குளிர் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அடுத்த நாள் கங்கு கொஞ்சம் கூடவே போட்டாள். செடிகள் ஜம்மென்று இருந்தன. ஆந்தூரியம் முதல் மொட்டு விட்டிருந்தது.

ரயில் ஒன்று இருந்ததால் மார்கழி முழுக்க அவர் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளைப் பார்க்கவோ, கடைக்கோ காலையிலேயே கிளம்பிவிடுவார். போகிக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு ஆபீசும் இல்லை, போக வேண்டிய இடமும் இல்லை.

அன்று பனி எதிர்வீட்டை மறைத்துக்கொண்டு நின்றது. ராத்திரியே இளைப்பு லேசாகக் கிளம்பியிருந்ததால் சுலோசனா இரண்டு சட்டி கங்கு தயார் பண்ணினாள். இரண்டையும் மோந்து பார்த்தாள். ஒன்றைக் கதவோரமும் இன்னொன்றை அவர் காலடியிலும் வைத்து, சால்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டாள்.

"இன்னைக்கு ரயில் இல்ல. நிதானமா இருங்க."

"மொட்டு இன்னைக்கு விரிஞ்சுடும் போலக் கீது. நீயும் உக்காறேன்."

"எனக்கு வேலை கீது" என்று கதவை அழுத்திச் சாத்திக்கொண்டு வந்தாள்.

வாசல் தெளித்தாள். கோலம் போட்டாள். போட்டுக்கொண்டே வழக்கம் போலக் காது தோட்டத்துப் பக்கம் போயிற்று. கொஞ்ச நேரம் அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக இறங்கியது. அப்புறம் கேட்கவில்லை. மார்கழிக் காலையில் அவருக்கு இளைப்பு இல்லாமல் போனது எத்தனை வருஷத்துக்கு முன்னால் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். நினைவுக்கே வரவில்லை. மனசு அப்படியே குளிர்ந்துபோயிற்று.

பால் வாங்கப் போன கமலம்மா நின்றாள். "இன்னா சுலோசனா, உங்க வூட்டுல சத்தமே காணோம்?"

"உள்ள உக்காந்தமேனிக்குத் தூங்கிட்டாரு போல. கதகதப்பா கீதில்ல? நான் பாத்து எடுத்த வீடுக்கா அது."

ஏழரை மணிக்குக் காப்பியை எடுத்துக்கொண்டு போனாள். கண்ணாடி பூராவும் உள்ளே வேர்த்திருந்தது. வேர்வை வழிந்த ஒரு கோட்டின் வழியாகப் பார்த்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகம் செக்கச் சிவந்து, கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தது. இவ்வளவு நல்ல நிறத்தில் அவரைச் சமீபத்தில் அவள் பார்த்ததேயில்லை. கதவைத் திறந்தால் குளிர்காற்று குப்பென்று மூஞ்சியில் அடிக்கும், எழுந்துவிடுவார். தூங்கட்டும் என்று காப்பியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்து, ஆறாமல் இருக்க அடுப்போரம் வைத்தாள்.

ஒன்பது மணிக்குத்தான் கதவைத் திறந்தாள்.

டாக்டர் வருவதற்குள் ஊரே தோட்டத்தில் கூடிவிட்டது. திருத்தணியிலிருந்து ஆதிநாராயணனும் வந்துவிட்டார். டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், பிறகு இரண்டு சட்டிகளையும் பார்த்தார். இளைப்பினால் போகவில்லை என்றார். புகை இல்லாவிட்டாலும் கரிக் கங்கிலிருந்து ஒரு விஷக்காற்று வரும், அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது என்றார்.

"எங்கேயாவது ஒரு விரல்கடை இடுக்கு இருந்திருந்தாக்கூட தப்பிச்சிருப்பாரு" என்று கண்ணாடியைச் சுற்றிப் பார்த்தார். "இப்படி ஒரு வீட்டை யாரு வாங்கச் சொன்னது?"

"அவருக்குச் செடிப் பைத்தியம் டாக்டர். பெங்களூர்ல எதையோ பாத்துட்டு வந்து புடிச்ச புடி. யார் பேச்சைக் கேட்டாரு?" என்றார் ஆதிநாராயணன். கூட்டத்தில் நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். கமலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, தான் அன்றைக்கே எச்சரித்ததைச் சொன்னாள்.

சுலோசனா தரையில் உட்கார்ந்திருந்தாள். அது வரைக்கும் அழவில்லை.

"அவரு கேட்டது இது இல்ல" என்றாள். "காத்து வர்ற வீட்டைத்தான் கேட்டாரு. நான்தான் வேணாம்னேன்."

"சும்மா இரும்மா" என்றார் அண்ணன்.

"நெருப்பு வச்சதும் நான்தான். கயிறு கட்டினதும் நான்தான். டாக்டர், ஏழரைக்கு வந்து பாத்துட்டு, தூங்கறாருன்னு நெனச்சு, கதவைத் திறக்காம போனேன். அப்போ திறந்திருந்தா?"

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பையை மூடினார். பெண்கள் இரண்டு பேர் வந்து அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். துக்கத்தில் என்னென்னவோ உளறுகிறாள் என்று ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். இவளைப் போலப் புருஷனைப் பார்த்துக்கொண்டவள் இந்த ஊரிலேயே கிடையாது என்று கமலம்மா எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள். அது உண்மை என்பதால் யாரும் மறுக்கவில்லை. சுலோசனா தண்ணீரைத் தள்ளிவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.